கழுத்துச் சுரப்பியும் நெஞ்சின் படபடப்பும்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிட்டும் எனக்கு ஏழு கிலோ எடை குறைந்தபோது, பார்த்தவர்கள் எல்லோரும் மெலிந்து அழகாகிவிட்டேன் என்றே சொன்னார்கள். இரவில் ஒருக்களித்துப் படுத்தால் தலையணையில் அழுந்திய காதுக்குள் நெஞ்சு அடிப்பது கேட்கும். மாடிப்படி ஏறினால் தொடைகள் தளரும். மாதவிலக்கு இரண்டே நாளில் நின்றுவிடும். நாற்பத்தாறு வயது என்பதால், மாதவிடாய் நிற்கப்போகும் காலத்துத் தொந்தரவு என்று நானும் நம்பினேன், முதலில் பார்த்த மருத்துவரும் அப்படியே கருதினார். அடுத்துப் பார்த்த மருத்துவர் கைகளை நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு தாளை வைத்தார். மின்விசிறி ஓடாத அறையில் அந்தத் தாளின் ஓரம் விடாமல் நடுங்கியது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 112.

இரத்தப் பரிசோதனையில், கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியின் ஹார்மோன்களான டி3, டி4 இரண்டும் உயர்ந்திருந்தன, டி.எஸ்.எச். மட்டும் மிகவும் தாழ்ந்திருந்தது. இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். டி.எஸ்.எச். என்பது தைராய்டைச் சுரக்கச் சொல்லி, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் கட்டளை. இரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் மிகுந்துவிட்டால் பிட்யூட்டரி அந்தக் கட்டளையைக் குறைத்துக்கொள்கிறது, ஆகவே அந்த எண் குறைந்திருப்பது பெரும்பாலும் தைராய்டு மிகையாகச் சுரப்பதன் அடையாளம். முடி உதிர்கிறதே என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடும் பெண்கள் பரிசோதனைக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். அது சில ஆய்வுமுறைகளில் இல்லாத நோயை இருப்பதுபோலக் காட்டிவிடும்.

எனக்கு இருப்பது கிரேவ்ஸ் நோய். 1835ஆம் ஆண்டு ராபர்ட் கிரேவ்ஸ் என்ற அயர்லாந்து மருத்துவர் விவரித்த இந்நோயில், உடலின் எதிர்ப்பாற்றலே டி.எஸ்.எச். போல நடிக்கும் எதிர்ப்பொருளை உண்டாக்கிச் சுரப்பியை ஓயாமல் முடுக்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது பல மடங்கு அதிகமாக வருகிறது. கண்கள் பிதுங்குவதும் இதனால்தான். புகைபிடித்தல் அதை மோசமாக்கும். ஆனால் டி.எஸ்.எச். குறைந்த எல்லோருக்கும் இதே நோய் என்று முடிவுகட்டுவது தவறு. மகப்பேற்றுக்குப் பின் சில மாதங்களில் தைராய்டு அழற்சி ஏற்பட்டு, சேமித்து வைத்த ஹார்மோன் இரத்தத்தில் கசியலாம். அது தானாகவே அடங்கும் என்பதால் சுரப்பைத் தடுக்கும் மாத்திரைக்கு அங்கே வேலையில்லை. காரணம் என்னவென்று மருத்துவரிடம் கேட்டுத் தெளிவது நம் உரிமை என்றே கருதுகிறேன். தைராய்டு மிகையாகச் சுரப்பதைக் கவனிக்காமல் விட்டால் இதயத்துடிப்பு சீரிழக்கும், எலும்பும் தேயும்.

எனக்குச் சுரப்பைத் தடுக்கும் கார்பிமசோல் மாத்திரை கொடுத்தார்கள். வழக்கமாக 12 முதல் 18 மாதங்கள் வரை சாப்பிட வேண்டியிருக்கும். கருவுற்றால் முதல் மாதங்களில் இம்மாத்திரை குழந்தையைப் பாதிக்கக்கூடும் என்பதால், கருத்தரிக்க எண்ணுகிறவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும். தாமாக நிறுத்திவிடவும் கூடாது. அரிதாக இது வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதை, மாத்திரைப் பெட்டியின் மூடியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.