சைப்ரஸ் தோப்பைச் சவுக்கில் கட்டுவது

ஒல்லியாக, நெட்டையாக, ஒரே தட்டில் தோப்புபோல நிற்கும் ஒன்பது போன்சாய் சைப்ரஸ். படத்தில் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் வடசென்னை மொட்டை மாடியில் சைப்ரஸ் நிலைக்காது. டிசம்பரில் கிறிஸ்துமஸ் மரமென்று தொட்டியில் விற்கிறார்களே, கசக்கினால் எலுமிச்சை வாசம் வரும் மஞ்சள்பச்சைச் செடி, அது ஊட்டிக் குளிருக்குப் பழகிய மான்டரி சைப்ரஸின் வகை. இங்கே பங்குனியில் உள்பக்கம் பழுப்பாகும், கத்திரி வெயிலில் விறகாகும். நிழல் வலை கட்டினாலும் ராத்திரிப் புழுக்கத்துக்கு மருந்து கிடையாது.

அதே தோற்றத்துக்கு நம்மூர் மரம் சவுக்கு. பழவேற்காடு வரை கடலோரத்தில் நிற்கிற மரம். உப்புக்காற்றும் வெயிலும் அதற்குப் புதிதல்ல. பார்க்க ஊசியிலை மரம்போல இருந்தாலும் அந்த இனமல்ல. ஊசி என்று நாம் சொல்வது பச்சைக் குச்சி. சின்ன வயதில் அதைக் கணுவில் உருவி, மறுபடி செருகி, "எங்கே ஒட்டினேன் சொல்லு" என்று விளையாடுவோமே, அந்தக் கணுவைச் சுற்றி ஆறேழு நுண்ணிய பல் தெரியும். அவைதான் இலை. கவாத்துக்கு இந்தக் கணு முக்கியம், பிறகு வருகிறேன்.

நாற்று வாங்கும்போது குளோன் நாற்று வேண்டாம். எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல வளரும், தோப்புக்கு உயிர் இருக்காது. விதை நாற்றாக, ஒரு அடி உயரத்தில் பதினைந்து வாங்கினால் ஒன்பது தேறும். வாங்கியதும் பையைக் கிழித்து அடியில் சுருண்ட ஆணிவேரைப் பாதியாக வெட்டுங்கள். அப்போது விட்டால் பிறகு 5 செ.மீ. ஆழத் தட்டில் அந்த மரம் உட்காராது. மூன்று நாற்றைப் பன்னிரண்டு அங்குலப் பையிலும் மற்றதை ஆறு அங்குலத் தொட்டியிலும் வளருங்கள். இரண்டு வருடத்தில் தூர்ப் பருமனில் வித்தியாசம் தானாக வந்துவிடும். முதல் மரம் 90 செ.மீ. உயரம், தூரில் 3 செ.மீ. இருந்தால் போதும், அதற்கு மேல் பருத்தால் நெட்டைத் தோற்றம் போய்விடும். அடுத்தது 75, பிறகு 65 என்று இறங்கி, கடைசி மரம் 35.

மண் கலவை: 3 முதல் 5 மி.மீ. செங்கல் ஜல்லி ஐந்து பங்கு, பருமணல் மூன்று, மட்கிய இலை உரம் இரண்டு. எல்லாவற்றையும் சலித்துத் தூசியைக் கொட்டிவிடுங்கள். எம்-சாண்டை அப்படியே போட்டால் அதன் மாவு அடியில் படிந்து சிமென்ட் தளம்போல இறுகும். பெரிய சவுக்கு மரத்தடி மண் ஒரு கைப்பிடி கிடைத்தால் கலந்துகொள்ளுங்கள். காற்றிலிருந்து தழைச்சத்து பிடிக்கும் பிராங்கியா என்ற நுண்ணுயிர் அதில் இருக்கும், வேரில் முடிச்சு முடிச்சாகத் தங்கும். தட்டுக்கு மாற்றும்போது வேரைக் குழாயடியில் காட்டி மொத்த மண்ணையும் கழுவுகிறவர்கள் இந்த முடிச்சையும் சேர்த்தே கழுவிவிடுகிறார்கள். பழைய மண்ணில் பாதி ஒட்டியிருக்கட்டும். ஒரே நேரத்தில் வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

தட்டில் நடத் தை, மாசி சரியான காலம். 70க்கு 40 செ.மீ. தட்டு, துளைகளில் வலை. நெட்டை மரத்துக்கு ஆழமில்லாத மண்ணில் பிடிமானம் கிடையாது. அதனால் மூங்கில் சிம்பைக் கட்டம்போலக் கட்டித் தட்டில் வைத்து, துளை வழியே 2 மி.மீ. அலுமினியக் கம்பியால் இறுக்கி, ஒவ்வொரு வேர்க்கட்டியையும் அந்தச் சிம்போடு கட்டவேண்டும். இதைச் சோம்பலில் விட்டவர்களின் தோப்பு முதல் கடல்காற்றிலேயே சாயும்; அசைகிற மரத்தில் புதுவேர் பிடிக்காது.

முதல் மரம் நடுவில் வேண்டாம். இடப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கில், கொஞ்சம் முன்னால். அதைச் சுற்றி ஐந்து, வலப்பக்கம் இடைவெளி விட்டு மூன்று. சின்ன மரங்கள் பின்னால் போனால் தூரம் தெரியும். முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் குனிந்து பாருங்கள்: எந்த மூன்று தூரும் ஒரே கோட்டில் வரக்கூடாது, ஒன்று இன்னொன்றை மறைக்கக்கூடாது. ஓர மரங்கள் வெளிச்சம் தேடுவதுபோல லேசாக வெளியே சாயட்டும். இரண்டு வாரம் நிழல் வலைக்கடியில், காற்று படாமல். உரம் இரண்டு மாதம் கழித்து.

கிளைதான் சைப்ரஸ் தோற்றத்தைத் தருவது. தண்டில் கீழ் மூன்றில் ஒரு பங்கு மொட்டையாக இருக்கட்டும். தோப்புக்கு உள்ளே பார்க்கும் கிளைகளை எடுத்துவிடுங்கள், எப்படியும் வெளிச்சமின்றிக் காயத்தான் போகிறது. மிச்சக் கிளைகள் குட்டையாக. கீழ்க் கிளை நன்றாகத் தொங்கி, மேலே போகப்போகப் படுத்து, உச்சியில் நிமிர்ந்து. அப்படி வளைக்கக் கிளையில் 1.5 மி.மீ. கம்பி சுற்றினால் போதும். வெயில் காலத்தில் மரம் பருக்கும் வேகத்துக்கு நாலு வாரத்தில் கம்பி பதிய ஆரம்பிக்கும், தழும்பு லேசில் ஆறாது. வாரம் ஒருமுறை பார்த்து, முறுக்கி எடுக்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள்.

நுனியைக் கத்தரியால் வெட்டினால் வெட்டின இடம் பழுப்பாகி அசிங்கமாகும். விரலால் பிடித்துக் கணுவில் இழுத்தால் சுத்தமாக வரும். தடித்த கிளையைக் குறைக்கும்போது பச்சை கொஞ்சம் விட்டே வெட்டுங்கள். மொட்டையாக்கினால் துளிர்க்கும் என்று நம்ப முடியாது.

சவுக்கு வாடித் தொங்கி எச்சரிக்காது. பச்சை மங்கிச் சாம்பல் பூத்தால் அதுதான் கடைசித் தந்தி, வைக்கோல் நிறம் வந்தபின் ஊற்றிப் பயனில்லை. மே மாதம் மூன்று வேளைத் தண்ணீர். தட்டைத் தளத்தில் வைக்காமல் செங்கல் மேல் ஏற்றுங்கள். திருவொற்றியூர்ப் பக்கத்துப் போர் தண்ணீர் உப்புக் கரித்தாலும் மரம் தாங்கும், ஆனால் தூரில் வெள்ளை படியும். மழைத்தண்ணீர் இருக்கும்போது அதையே ஊற்றுங்கள். யூரியா வேண்டாம், கணு நீண்டு தலைவிரி கோலமாகும். மாதம் இரண்டு கரண்டி வேப்பம் புண்ணாக்கு போதும். கடலைப் புண்ணாக்கும் நல்லதுதான், எலிக்கும் அதே அபிப்பிராயம்.

பாசிக்கு மெனக்கெடவேண்டாம். உதிர்ந்த சவுக்குச் சருகே தரைக்குப் போதும், கடற்கரைத் தோப்பில் அப்படித்தானே இருக்கிறது. ஐப்பசி அடைமழையில் தட்டின் ஒரு பக்கம் அரைச் செங்கல் வைத்துச் சாய்த்தால் தண்ணீர் நிற்காது. புயல் எச்சரிக்கை வந்தால் கைப்பிடிச் சுவரோரம் தரையில் இறக்கிவிடுங்கள்.

நடுவில் ஒரு மரம் செத்தால் பிடுங்காதீர்கள். இரண்டு வருடத்தில் வேர்கள் பின்னிக்கிடக்கும், ஒன்றை இழுத்தால் பக்கத்தில் இரண்டு போகும். மண்மட்டத்தில் அறுத்துவிட்டு, அடுத்த தை மாதம் மாற்றி நடும்போது பார்த்துக்கொள்ளலாம்.