ஆட்சியாண்டு மட்டும் மிஞ்சிய அரசு

சோழப் பேரரசு 1279 ஆம் ஆண்டு மூன்றாம் இராசேந்திரனோடு முடிந்தது என்று படித்துவிட்டுத்தான் நானும் கல்வெட்டுப் பணிக்கு வந்தேன். கோயில்களின் அதிட்டானம் என்னும் அடித்தளத்திலும் மதில்களிலும் உள்ள கல்வெட்டுகளை மைப்படி எடுப்பதும், படியைப் படித்து மன்னன் பெயர், ஆட்சியாண்டு, ஊர், செய்தி ஆகியவற்றைப் பதிவு செய்வதும் எங்கள் வேலை. நீண்ட காலம் இதில் இருந்தபின், அந்த ஆண்டை ஒரு பேரரசின் முடிவாக என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பிற்காலச் சோழர் கல்வெட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கிறவர்களுக்கு, அரசு கைமாறுவது அந்த ஆண்டுக்கு நூறாண்டுக்கு முன்பே கண்ணில் படத் தொடங்கிவிடும்.

மைப்படி எடுப்பது பொறுமையைக் கேட்கும் வேலை. கல்லைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும் வரை தூரிகையால் தட்டி, பிறகு மை ஒற்ற வேண்டும். கறுப்பில் வெள்ளையாக எழுத்து எழும்பும். இப்படி ஒவ்வொரு வரியாக வெளிவருவதால், தொடக்கத்தில் மன்னனின் புகழைச் சொல்லும் மெய்க்கீர்த்தியை மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிட முடிவதில்லை. கடைசியில் கையெழுத்திட்டவர்களின் பெயர்கள் வரை வந்தாக வேண்டும். பிற்காலச் சோழ வரலாற்றின் சாரம் பெரும்பாலும் அந்தக் கடைசி வரிகளில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டை எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் இராசராசன் இறந்தபோது அவன் பிள்ளைகள் ஒன்றும் இரண்டும் வயதுக் குழந்தைகளாக இருந்ததையும், பல்லவராயர் என்னும் அமைச்சர் அரச குடும்பத்தைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோனதையும், விக்கிரம சோழனின் பேரனான எதிரிலிப் பெருமாளுக்கு முடிசூட்டியதையும் அது சொல்கிறது. யார் அரசன் என்பதை ஓர் அமைச்சர் முடிவு செய்ய வேண்டி வந்த செய்தி எந்த மறைப்பும் இல்லாமல் கல்லில் ஏறியிருக்கிறது. அதைச் சொல்வது அரச குடும்பத்துக்கு இழுக்கு என்று அன்று யாரும் எண்ணவில்லை. பல்லவராயரின் விசுவாசத்துக்குச் சான்றாகவே அது பொறிக்கப்பட்டது.

சோழநாட்டுக்கும் தொண்டைநாட்டுக்கும் இடைப்பட்ட நடுநாட்டின் நிலைமை இதைவிட ஆழமானது. 12 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அங்கிருந்த காடவர்கள் என்னும் குறுநிலத் தலைவர்கள் பாடிகாவல் வரியைத் தங்கள் சொந்த வருவாய்போல் கோயில்களுக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஊரைக் காப்பதற்காக வாங்கும் வரி அது. காவல் யார் கையில் இருக்கிறதோ அவரையே ஊர் அடுத்த தேவைக்கும் தேடிப் போகும். பின்னர், காடவராயர், சம்புவராயர், மலையமான் போன்ற குறுநிலத் தலைவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்படிக்கைகளும் கல்லில் வருகின்றன. யாரோடு சேர்வது, யாரோடு சேராமல் இருப்பது, போர் வந்தால் யாருக்கு யார் துணை என்பதெல்லாம் அவற்றில் உண்டு. சோழ மன்னனுக்கு விசுவாசமாக இருப்போம் என்ற உறுதிமொழியும் சிலவற்றில் உண்டு. இயல்பாகவே இருந்த விசுவாசத்தைத் தனியாக எழுதி உறுதி செய்யும் தேவை எப்போது வந்ததோ, அப்போதே மையத்தின் பிடி தளர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இத்தனைக்கும் அப்போது ஆண்டவன் மூன்றாம் குலோத்துங்கன். 1178 இல் அரியணை ஏறி 1218 வரை ஆண்ட அவனுடைய மெய்க்கீர்த்தி ‘புயல்வாய்த்து வளம்பெருக’ என்று கம்பீரமாகத் தொடங்குகிறது. மதுரையும் ஈழமும் கருவூரும் பாண்டியன் முடித்தலையும் கொண்டவன் என்று பெருமை பேசுகிறது. திருபுவனத்துக் கம்பகரேசுவரர் கோயில் அவன் எழுப்பியது. அந்த வெற்றிகள் பொய் அல்ல. ஆனால் அதே அரசனின் காலத்தில், 1201 இல், திருப்பாம்புரத்தில் பஞ்சம். காசுக்கு மூன்று நாழி நெல்தான் கிடைத்த அந்தக் காலத்தில் வேளாளர் ஒருவர் தம்மையும் தம் இரு பெண்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார். மெய்க்கீர்த்தியையும் இந்த ஓலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் நாட்களில், மனம் கனத்துப்போய் அடுத்த படியை விரிக்க நேரமாகும்.

குலோத்துங்கன் மதுரையைப் பிடித்தபோது பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தை இடித்து, அந்த நிலத்தைக் கழுதை பூட்டி உழுததாக அவன் கல்வெட்டே சொல்கிறது. 1216 இல் பட்டத்துக்கு வந்த மாறவர்மன் சுந்தரபாண்டியன் அதற்குத் தஞ்சையையும் உறந்தை என்னும் உறையூரையும் எரித்துப் பதில் சொன்னான். ஆயிரத்தளியில் சோழரின் முடிசூட்டு மண்டபத்திலேயே வீராபிடேகம் என்னும் வெற்றி முழுக்கைச் செய்துகொண்டான். பிறகு நாட்டைத் திருப்பிக் கொடுத்து, ‘சோணாடு வழங்கியருளிய’ என்ற அடைமொழியை எடுத்துக்கொண்டான். அவனது படையெடுப்பைப் பாடும் திருவெள்ளறைக் கல்வெட்டுப் பாடல் ஒன்று, சோழநாட்டில் பறிக்கப்படாத தூண் இல்லை என்றும், பட்டினப்பாலை பாடிய புலவருக்கு முன்பு அளிக்கப்பட்ட பதினாறு தூண்கள் மட்டும் விடப்பட்டன என்றும் சொல்கிறது. தமிழுக்குக் காட்டிய அந்த மரியாதை எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் விழுந்துபோன மற்றத் தூண்களை நினைக்காமல் அந்தப் பாடலைப் படிக்க முடியவில்லை.

என் பணிக்காலத்தில் நான் திரும்பத் திரும்பச் சென்று படித்தது கடலூரை அடுத்த திருவயிந்திரபுரத்துக் கல்வெட்டு. 1231 இல் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் தெள்ளாற்றில் மூன்றாம் இராசராசனைத் தோற்கடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். செய்தி கேட்ட, கன்னட நாட்டை ஆண்ட போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன், சோழ அரசை மீண்டும் நிலைநிறுத்தாமல் ஓய்வதில்லை என்று புறப்பட்டு, அப்பண்ண தண்டநாயக்கரையும் சமுத்திர கோபய்ய தண்டநாயக்கரையும் படைத்தலைவர்களாக முன்னே அனுப்பினான். அவர்கள் எள்ளேரி, கல்லியூர்மூலை ஆகிய ஊர்களை அழித்தார்கள். தில்லையில் பொன்னம்பலத்தைத் தொழுதார்கள். பயிரை எரித்து, மரங்களை வெட்டிச் சேந்தமங்கலத்தை நெருங்கினார்கள். கோப்பெருஞ்சிங்கன் இறங்கி வந்தான், சோழன் விடுபட்டான். இவ்வளவையும் நாள்குறிப்புப்போல் வரிசையாகச் சொல்லும் இக்கல்வெட்டு எந்த அரசனின் ஆட்சியாண்டில் தொடங்குகிறது? சிறைப்பட்ட அதே மூன்றாம் இராசராசனின் பதினைந்தாவது ஆண்டின் எதிராமாண்டில், அதாவது அதற்கு அடுத்த ஆண்டில்!

இதே நிகழ்ச்சியைக் கோப்பெருஞ்சிங்கனின் பக்கத்திலிருந்து வயலூர்க் கல்வெட்டுப் பாடல்கள் வெற்றியாகப் பாடுகின்றன. வென்றவன் பாடினான், மீட்டவன் பதிவு செய்தான். இடையில் இருந்த சோழனின் பெயர் காலத்தைக் குறிக்க மட்டும் பயன்பட்டது. பேரரசின் வீழ்ச்சி எங்கே நிகழ்ந்தது என்று என்னைக் கேட்டால் இந்தக் கல்லைத்தான் காட்டுவேன். அதற்குப் பிறகு சோழர் இருந்த நாற்பத்தெட்டு ஆண்டுகளும் பிறர் ஆதரவில் நடந்தவை. போசளர் சமயபுரத்தை அடுத்த கண்ணனூரில் தலைநகர் அமைத்துக்கொண்டார்கள். கோப்பெருஞ்சிங்கன் 1243 முதல் தன் சொந்த ஆட்சியாண்டை எழுதத் தொடங்கி, சகலபுவன சக்கரவர்த்தி என்று பட்டமும் சூட்டிக்கொண்டான். 1246 இல் வந்த மூன்றாம் இராசேந்திரன் நிமிர்ந்து நிற்க முயன்றவன் என்பதில் ஐயமில்லை. ஆனால் 1251 இல் சடையவர்மன் சுந்தரபாண்டியன் பட்டத்துக்கு வந்தபின் அந்தப் பாண்டியனுக்குத் திறை கட்டுவதைத் தவிர இராசேந்திரனுக்கு வழி இருக்கவில்லை.

இந்தக் காலம் முழுவதிலும் ஊர்கள் நிலம் விற்றன, வாங்கின, அணையாமல் எரியும் நந்தாவிளக்குக்கு ஆடு கொடுத்தன, வரிப்பாக்கிக்காக வழக்காடின. ஒரு மன்னனின் ஆட்சியாண்டில் தொடங்கிய அறக்கட்டளை வேறு அரச மரபின் ஆட்சியாண்டில் புதுப்பிக்கப்படுவதைப் பார்க்கிறோம். கோயில் கணக்கு எழுதுகிறவர்களுக்கு யார் பெயரை மேலே போடுவது என்பது அன்றாடக் கவலையாக இருந்திருக்க வேண்டும்.

எங்களைத் தேடி வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலாம் இராசராசனின் கல்வெட்டையே கேட்கிறார்கள். மூன்றாம் இராசராசனைக் கேட்டு வருகிறவர் அரிது. திருப்பணியின்போது மணல் பீச்சிச் சுவரைச் சுத்தம் செய்வதில் முதலில் அழிவதும் இந்தப் பிற்காலக் கல்வெட்டுகள்தான். அவற்றில் பல ஆழமில்லாமல், அவசரமாக வெட்டப்பட்டவை. அப்படி ஒரு சுவரில் எழுத்து வெறும் சொரசொரப்பாக மாறிக் கிடந்ததைப் பார்த்த கோபம் இன்னும் ஆறவில்லை.

இப்போது நான் செய்துவருவது, பிற்காலச் சோழர் கல்வெட்டுகளை மன்னன் வாரியாக அல்லாமல் ஊர் வாரியாக அடுக்குவது. ஒவ்வோர் ஊரிலும் பாடிகாவலை யார் வாங்கினார், எந்தத் தலைவர் கையெழுத்திட்டார், சோழ ஆட்சியாண்டு எப்போது நின்று பாண்டிய ஆட்சியாண்டு எப்போது தொடங்கியது என்று தனித்தனியாகக் குறிக்கிறேன். நடுநாட்டு ஊர்களை முதலில் எடுத்திருக்கிறேன். காவிரிக்கரை ஊர்கள் அடுத்து வரும்.