ஆய்வுக் குரங்குகளை இறக்குமதி செய்த அனுபவம்

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு நீண்டவால் மக்காக் குரங்குகளை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. இதே வேலை கைக்கு வரப்போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது, இறக்குமதியாகும் பொருளை வகைப்படுத்தும் சுங்கக் குறியீட்டைத்தான். அதில் குழப்பமே இல்லை. குரங்கினம் முழுவதற்கும் 0106.11. ஆய்வுக்கு வருகிறதா, இனப்பெருக்கத்துக்கு வருகிறதா, மரபணு மாற்றப்பட்டதா என்பதெல்லாம் இந்த ஆறு இலக்கத்தை மாற்றாது. அதற்குப் பின் சேரும் இலக்கங்களும் வரியும் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆய்வு நோக்கம் என்ற வாதத்தை வரிவிலக்கு கேட்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். வகைப்படுத்தலில் அதற்கு இடமில்லை.

மாதக்கணக்கில் இழுத்தது சைட்டிஸ் அனுமதிதான். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் இந்த ஒப்பந்தத்தில், மனிதன் தவிர்த்த எல்லாக் குரங்கினங்களும், வணிகத்தைக் கட்டுப்பாட்டோடு அனுமதிக்கும் இரண்டாம் பட்டியலிலாவது இருக்கின்றன; சில அதைவிடக் கடுமையான முதல் பட்டியலில். இரண்டாம் பட்டியலுக்கு ஒப்பந்தப்படி ஏற்றுமதி அனுமதி போதும். ஆனால் பல நாடுகள் இறக்குமதி அனுமதியையும் கேட்கின்றன. இதை முதலிலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அனுமதிப் படிவத்தில் மிக முக்கியமானது 'மூலம்' என்ற கட்டம். கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்து பெறப்பட்டதற்கு 'சி', கூண்டில் பிறந்தும் அந்த வரையறைக்குள் வராததற்கு 'எஃப்', காட்டில் பிடித்ததற்கு 'டபிள்யூ'. 'சி' போட வேண்டுமென்றால் கூண்டில் பிறந்தது என்று சொன்னால் மட்டும் போதாது. காட்டிலிருந்து தொடர்ந்து பிடித்துச் சேர்க்காமலே இரண்டாம் தலைமுறையை உருவாக்க வல்லது அந்தப் பண்ணை என்று காட்ட வேண்டும். எங்களுக்கு வந்த வரைவில் எல்லா விலங்குக்கும் 'சி' போட்டிருந்தார்கள். நான் ஒவ்வொன்றின் தாய் தந்தைப் பதிவையும் கேட்டேன். பண்ணைக்காரர்கள் சலித்துக்கொண்டார்கள், இருந்தும் விடவில்லை. 2022-இல் இந்த இனம் 'அருகி வருவது' என்று, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிடும் செம்பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டது. காட்டில் பிடித்த குரங்கைப் பண்ணைக் குரங்கு என்று காகிதத்தில் மாற்றி விற்பதற்கு என் ஆய்வுக்கூடம் துணைபோகக் கூடாது. பதிவு வராத விலங்குகளைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொன்னேன், எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை என்று.

நோக்கம் என்ற கட்டமும் சும்மா நிரப்புவதல்ல. உயிர்மருத்துவ ஆய்வு 'எம்'மில் அடங்கும், பொதுவான அறிவியல் 'எஸ்', வணிகம் 'டி'. ஆய்வுத் திட்டத்துக்கு நன்னெறிக் குழு தந்த ஒப்புதலில் எழுதியிருப்பதும் இந்த எழுத்தும் ஒத்துப்போக வேண்டும்.

ஏற்றுமதி அனுமதி ஆறு மாதத்துக்கு மேல் செல்லாது. அதற்குள் விமானம் கிடைக்க வேண்டும். அதுதான் கடினம். ஆய்வுக் குரங்குகளை ஏற்ற மறுக்கும் விமான நிறுவனங்கள் பல. ஏர் பிரான்ஸ் கூட நிறுத்தப்போவதாக 2022-இல் அறிவித்தது. இடையில் இறங்கும் நாட்டின் கால்நடைத் துறையும் சம்மதிக்க வேண்டும். எனவே விமானமும், வந்த விலங்குகளை நோய் பரவாமல் தனிமைப்படுத்தி வைக்கும் தடுப்புக்காப்பு இடமும் ஓரளவு உறுதியான பிறகே அனுமதிக்கு விண்ணப்பியுங்கள்.

பெட்டிகளை மூடும் முன் எல்லாக் காகிதங்களின் வரைவையும் வாங்கி ஒன்றோடொன்று ஒப்பிட்டேன். கால்நடை நலச் சான்றிதழில் 'சைனோமோல்கஸ் குரங்கு' என்று மட்டும் இருந்தது, அனுமதியில் 'மக்காக்கா ஃபாசிகுலாரிஸ்' என்ற அறிவியல் பெயர். இரண்டும் நீண்டவால் மக்காக்கையே குறிக்கும், ஆனால் காகிதங்களில் பெயர் ஒத்துப்போக வேண்டும். ஒரு விலங்கின் பதினைந்து இலக்க மைக்ரோசிப் எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. வந்திறங்கிய பிறகு இது தெரிந்திருந்தால் அந்தக் குரங்கு பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கும், நாங்கள் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்திருப்போம். எங்கள் கிளியரிங் ஏஜென்ட் சொன்னபடி அனுமதியின் அசல் பெட்டிகளோடே வந்தது. புறப்படும் இடத்தில் உண்மையில் ஏற்றிய எண்ணிக்கையை எழுதி முத்திரை இட்டிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

பெட்டிகள், விமான நிறுவனங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐயாட்டாவின் உயிர்விலங்கு விதிப்படி இருக்க வேண்டும். காற்றுத் துளை, கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து தண்ணீர் ஊற்ற வழி, ஈரம் உறிஞ்சும் விரிப்பு, 'உயிருள்ள விலங்கு' என்ற ஒட்டுச்சீட்டு. பெட்டிகள் வந்ததும் நான் முதலில் பார்த்தது தண்ணீர்க் கிண்ணங்களைத்தான்.

பிறகு தடுப்புக்காப்பு. 1989-இல் அமெரிக்காவின் ரெஸ்டனுக்குப் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த இதே இனக் குரங்குகளில் எபோலா வகை வைரஸ் கண்டறியப்பட்ட பிறகு இந்த விதிகள் இறுகின. அங்கே குறைந்தது 31 நாள். காசநோய்ப் பரிசோதனையை மீண்டும் மீண்டும் செய்வார்கள். மக்காக்குகள் சுமக்கும் பி வைரஸ் மனிதருக்கு உயிராபத்தானது என்பதால் பெட்டியைத் தொடும் ஒவ்வொருவருக்கும் கையுறை, முகக்கவசம், கண்ணாடி கட்டாயம். இதில் செலவைக் குறைக்க யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

விலங்குகள் கூடத்துக்கு வந்தபின் கோப்பை மூட்டைகட்டி வைத்துவிடாதீர்கள். அவற்றின் ரத்தமோ திசுவோ வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போக வேண்டுமென்றால் அதற்கும் சைட்டிஸ் அனுமதி தேவை. அப்போது முதலில் கேட்பது இந்த இறக்குமதி அனுமதி எண்ணையும் மைக்ரோசிப் பட்டியலையும்தான்.