தும்பிக்கு ஆறு எழுத்து

எங்கள் கோவில்பட்டிப் பக்கம் லாரிக்குப் பின்னால் எழுதுவதற்கு ஆளாளுக்கு ஒன்று வைத்திருப்பார்கள். குலசாமி பெயர், பிள்ளைகள் பெயர், அம்மா அப்பா ஆசி, அதற்குக் கீழே ஹார்ன் அடிக்கச் சொல்லி ஓர் உத்தரவு. பலகை நிறைய இடம் உண்டு, பெயின்டருக்குக் கை வலிக்கும்வரை எழுதலாம். கலிபோர்னியாவில் கார் நம்பர் பிளேட்டில் நம்பருக்குப் பதில் நமக்குப் பிடித்த பெயரைப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் எனக்குக் கிடைத்தது ஏழே இடம். அதுவும் ஆங்கில எழுத்தில்.

மகள் கல்லூரி விடுதிக்குப் போன வருடம், ஐம்பத்தோரு வயதில், யாரிடமும் யோசனை கேட்காமல் ஒரு மஸ்தா மியாட்டா வாங்கினேன். 2019 மாடல், ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய வண்டி. சிவப்பு. கையால் கியர் போடுவது. கூரையை உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கையால் பின்னுக்குத் தள்ளி மடக்கிவிடலாம். 181 குதிரைத்திறன் என்றால் இங்கே ஓடுகிற ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு நடுவில் சின்னப் பிள்ளைதான். ஆனால் வண்டி மொத்தமே 1,060 கிலோ சொச்சம், வளைவுகளில் அந்த வித்தியாசம் தெரியும். "அரிசி மூட்டையை எங்கம்மா வைக்கிறது?" என்றார் வீட்டுக்காரர். பக்கத்து சீட்டில் வைத்து பெல்ட் போட்டுவிடலாம் என்றேன். (வைத்தும் இருக்கிறேன். இருபது பவுண்டு பொன்னி.)

வண்டியோடு வந்த நம்பர் எட்டில் தொடங்கி, மூன்று எழுத்து, மூன்று எண் என்று எல்லோரையும் போலத்தான் இருந்தது. "அம்மா, இந்தக் காரை வச்சிருக்கிறவங்க எல்லாரும் பேர் வைப்பாங்கம்மா" என்று மகள் போனில் சொன்னதோடு ஆரம்பித்தது. மூன்று வாரம் தூக்கம் போனது.

வேலை என்னவோ சுலபம்தான். டி.எம்.வி. என்கிற இங்கத்து வாகனப் பதிவுத் துறையின் இணையதளத்தில் இரண்டு முதல் ஏழு எழுத்துக்குள் எதையாவது தட்டினால், அந்தப் பெயர் இருக்கிறதா, போய்விட்டதா என்று உடனே தெரிந்துவிடும். சாதாரண வெள்ளை பிளேட்டில் நம் பெயரைப் போட 53 டாலர், பிறகு வருடா வருடம் பதிவைப் புதுப்பிக்கும்போது கூடுதலாக 43. 1970-ல் தொடங்கிய ஏற்பாடு இது, இந்தப் பணம் சுற்றுச்சூழல் நிதிக்குப் போகிறது. யோசமிட்டி மலை, திமிங்கில வால் என்று படம் போட்ட பிளேட்டுகளும் உண்டு, அவற்றில் படம் எழுத்தின் இடத்தைத் தின்றுவிடும். கறுப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்து என்று 1960-களின் பாணியில் ஒன்று தருகிறார்கள், அதற்கு 103 டாலர். சிவப்புக் காருக்குக் கறுப்பு பிளேட் கண்ணைப் பறிக்கும் என்பது உண்மை. இரண்டு நாள் மயங்கினேன். ஆனால் மியாட்டா என்ற வண்டியே உலகத்துக்கு முதன்முதலில் முகம் காட்டியது 1989-ல், சிகாகோ கண்காட்சியில். அதற்கு அறுபதுகளின் பிளேட் என்பது பள்ளி நாடகத்தில் பேத்திக்குப் பாட்டி வேஷம் கட்டுவது போல. வெள்ளையே போதும் என்று முடித்துக்கொண்டேன்.

பெயர்தான் முடியவில்லை.

அம்மாவிடம் போனில் கேட்டேன். யோசிக்கவே இல்லை. "முருகா-ன்னு போடும்மா, வேற என்னத்த போட?" முருகா எப்போதோ போய்விட்டார். வெற்றி போய்விட்டது. 'தமிழ்' என்பதை ழகரத்துக்கு இஸட்-எச் போட்டு எழுதினால் கச்சிதமாக ஏழு எழுத்து வரும். ஆனால் நான் வேகமாக லேன் மாறும்போதெல்லாம் பின்னால் வருகிறவன் திட்டுவது மொழியையா என்னையா என்று நினைத்தவுடன் அதை விட்டேன். வீட்டுக்காரர் தான் பிறந்த வருடத்தைச் சேர்க்கச் சொன்னார். அவர் 1969. இங்கே விதியிலேயே எழுதியிருக்கிறது: 69 என்ற எண் 1969 மாடல் வண்டிக்கு மட்டும்தான், மற்றவர்களுக்குக் கிடையாது. "ஏன் அப்படி?" என்று அவர் ஸ்பீக்கர் போனில், அம்மா லைனில் இருக்கும்போது கேட்டார். "அப்புறம் சொல்றேங்க" என்றேன்.

'மின்னல்' ஆறு எழுத்து. போய்விட்டது. ஒரு 'என்'னை எடுத்துப் பார்த்தேன், கிடைத்தது. ஆனால் அது மினல் ஆகிவிடுகிறது, எங்கள் அலுவலகத்திலேயே அந்தப் பெயரில் ஒரு மராத்திப் பெண் இருக்கிறாள். அவளுடைய காரை நான் திருடிவிட்டேன் என்று பேச்சு வரும். அடுத்து 'சிட்டு'. சிட்டாய்ப் பறக்கிற வண்டிக்கு இதைவிடப் பொருத்தம் ஏது? சி-எச்-ஐ-டி-டி-யு. மகளுக்கு அனுப்பினேன். "முதல் எழுத்தை மறைச்சுட்டுப் படிம்மா" என்று பதில் வந்தது. மறைத்தால் 'ஹிட்' என்று நிற்கிறது. இடித்துவிட்டு ஓடுகிற வண்டி என்று ஊருக்கே நான் எழுதி ஒட்ட வேண்டுமா? 'எஸ்'ஸில் ஆரம்பிக்கலாமா என்றால், அது இன்னும் ஓர் எழுத்து தவறினால் கழிப்பறைக்குப் போய்விடும்.

அப்போதுதான் புரிந்தது. நான் தமிழில் யோசித்துத் தமிழிலேயே படித்துக்கொண்டிருந்தேன். சிக்னலில் எனக்குப் பின்னால் நிற்பவனுக்கு மூன்று விநாடி, அவனுக்குத் தெரிந்த மொழியில்தான் அவன் படிப்பான். அதிலிருந்து எந்தச் சொல்லையும் காகிதத்தில் பெரிதாக எழுதி, ஃபிரிட்ஜில் ஒட்டி, தமிழ் தெரியாத யார் வீட்டுக்கு வந்தாலும் படிக்கச் சொன்னேன். குழாய் ரிப்பேருக்கு வந்தவர்கூடத் தப்பவில்லை.

ஒரு சனிக்கிழமை ஸ்கைலைன் சாலையில் கூரையைத் திறந்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். மலை முகட்டிலேயே போகிற சாலை, ஒரு பக்கம் விரிகுடா, மறுபக்கம் மரங்களின் இடைவெளியில் பசிபிக். ஓரம் நிறுத்தித் தண்ணீர் குடிக்கும்போது கண்ணாடியில் ஒரு தட்டான் வந்து உட்கார்ந்தது. சிவப்புத் தட்டான். சின்ன உடம்பு, பெரிய கண், உட்கார்ந்திருக்கும்போதே கிளம்பத் தயாராக இருக்கிற நிலை. என் வண்டியைப் பார்த்தேன். இதைப் பார்த்துத்தான் அதைச் செய்தார்களோ என்று இருந்தது. கண்மாய்க் கரையில் நானும் தம்பியும் தட்டான் பிடிப்போம். மூச்சை அடக்கிக்கொண்டு பின்னாலிருந்து போக வேண்டும். அவன் பிடித்துவிடுவான், நான் பத்துக்கு ஒன்று. தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை வரும் என்று அம்மா துணி எடுக்க ஓடுவாள்.

'தட்டான்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். டி-எச்-ஏ-டி-டி-ஏ-என். ஏழு எழுத்து, காலியாகவும் இருந்தது. ஃபிரிட்ஜில் ஒட்டினேன். வந்தவர் படித்தார்: 'தட் டேன்'. அந்தப் பழுப்பு. சிவப்புக் காரில்.

சரி, 'தும்பி' என்று முடிவு செய்தேன். வீட்டில் யாரும் பேசாத, பாடப்புத்தகத்தில் படித்த சொல்தான். ஆனாலும் அதே பூச்சி. டி-எச்-யு-எம்-பி-ஐ. ஆறு எழுத்து, எந்தப் பக்கம் வெட்டினாலும் விகாரம் இல்லை, யாரும் எடுத்திருக்கவும் இல்லை.

விண்ணப்பத்தில் மூன்று விருப்பங்கள் எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் பொருளையும் எழுத வேண்டும். இந்த இடத்தில் விளையாடக் கூடாது. 1979-ல் லாஸ் ஏஞ்சலஸ்காரர் ஒருவர் படகுப் பிரியர். முதல் இரண்டு விருப்பமும் படகு சம்பந்தமாக எழுதிவிட்டு, அவை கிடைக்காவிட்டால் தனிப் பெயரே வேண்டாம் என்ற அர்த்தத்தில் மூன்றாவதில் 'நோ பிளேட்' என்று எழுதிவைத்தார். மூன்றாவதுதான் கிடைத்தது. நம்பர் பிளேட் இல்லாமல் நின்ற வண்டிகளுக்குப் போலீஸ்காரர்கள் சீட்டில் 'நோ பிளேட்' என்று எழுதுவார்கள் அல்லவா? அந்த அபராதங்கள் எல்லாம் இவர் வீட்டுக்கு வரிசை கட்டி வந்தன. பிற்காலத்தில் கணினிப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் ஒருவர், கணினியில் வெற்றிடத்தைக் குறிக்கும் 'நல்' என்ற சொல்லை ஆசையாக வாங்கி, அதே கிணற்றில் விழுந்தார். பன்னிரண்டாயிரம் டாலருக்கு அடுத்தவர் அபராதம்.

மூன்றாவது விருப்பத்தைக் காலியாக விட்டேன்.

பொருள் எழுதும் கட்டத்தில் எனக்கு வேறு பயம். ஆபாசமோ வசையோ தெரியாத மொழியில் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் அந்தக் கட்டம். ரசனைக்கும் கண்ணியத்துக்கும் ஒவ்வாதது என்று சொல்லி நிராகரிக்கும் விதி பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2020 நவம்பரில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்திருக்கிறார். அதற்காகச் சல்லடையையே தூக்கி எறிந்துவிடவில்லை. தமிழ் தெரியாத ஒருவர் மேஜையில் என் சொல் நிற்கப்போகிறது, அவருக்கு நான் என்ன சொல்வது? முதலில் கண்மாய், தம்பி, மழை எல்லாம் வந்தது. பிறகு அழித்துவிட்டு, 'தமிழில் ஒரு சிவப்புப் பூச்சி. குளத்தருகே பறக்கும்' என்ற அளவில் நிறுத்தினேன். குளத்தருகே என்பது தேவையில்லைதான். இருக்கட்டும் என்று விட்டேன்.

சில மாதம் கழித்து, வந்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று தபால் வந்தது. பழைய பிளேட் இரண்டையும் கழற்றிக்கொண்டு போய் ஒப்படைத்தால்தான் புதியது தருவார்கள். முந்தின நாள் ராத்திரியே கழற்றி வையுங்கள், திருகாணி துருப்பிடித்திருந்தால் அந்தக் கூத்து அங்கே வாகன நிறுத்தத்தில் வேண்டாம். கலிபோர்னியாவின் பிளேட்டுகளை 1947 முதல் ஃபோல்சம் சிறையில் கைதிகள்தான் அடிக்கிறார்கள். கையில் வாங்கி எழுத்தின் மேட்டைத் தடவிப் பார்த்தபோது, இதை அடித்தவர் இந்த ஆறு எழுத்தை எப்படிப் படித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே முன்னாலும் பிளேட் கட்டாயம். ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் பாதிப் பேர் அதைத்தான் புலம்புவார்கள், முகத்தைக் கெடுக்கிறது என்று. எனக்கு முன் வைத்திருந்தவர் பம்பரைத் துளைக்காமல், இழுவைக் கொக்கி மாட்டும் ஓட்டையில் ஒரு தாங்கி வைத்து ஓரமாகப் பொருத்தியிருந்தார். மூக்குத்தி மாதிரி இருக்கிறது. மாற்றவில்லை.

ஒன்றை மறந்தேன். டோல் டேக் வீட்டுக்காரர் காரில் கிடந்தது, என் வண்டிக்கு நம்பரைப் பார்த்துத்தான் கணக்கில் கழிப்பார்கள். அங்கே நம்பரை மாற்றவே இல்லை. டம்பர்டன் பாலத்தில் நான்கு தடவை போன பிறகு பில் வீட்டுக்கு வந்தது. பிளேட் மாட்டிய அன்றே டோல் கணக்கு, காப்பீடு, அலுவலகப் பார்க்கிங் மூன்றையும் மாற்றிவிடுங்கள்.

அடுத்த திங்கள் அலுவலகத்தில் காரைச் சுற்றி வந்த அமெரிக்க நண்பர் ஒருவர் பிளேட்டை உரக்கப் படித்தார். கட்டைவிரலுக்கான ஆங்கிலச் சொல்லில் ஆரம்பித்து, எழுத்தில் இருக்கிற 'பி'யையும் விடாமல் சேர்த்து, அட்சரம் பிசகாமல் சொன்னார்: "தம்பி!"

மூன்று வாரம் ஃபிரிட்ஜில் ஒட்டிப் பரீட்சை வைத்தவள், கடைசிச் சொல்லை மட்டும் ஒட்டாமல் விட்டிருந்தேன். அதற்குப் பிறகு எல்லோரும் அப்படித்தான் படிக்கிறார்கள். லிவர்மோர் கோவிலில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளம்பும்போது ஒரு பெரியவர் வீட்டுக்காரரைப் பார்த்து, "தம்பி வண்டியா?" என்றார். "இல்லீங்க, என் வண்டி" என்றேன் நான்.

அன்று சாயங்காலம் பிளேட் தெரிகிற மாதிரி காரைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினேன். விடிந்ததும் தம்பி கூப்பிட்டான். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"எக்கா, என்னையவா போட்டிருக்க?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

"எழுத்துதான் தப்பாப் போட்டுட்டான். 'ஏ' வரணும்லா, 'யு' அடிச்சு வச்சிருக்கான். போய்ச் சொல்லி மாத்தச் சொல்லு."

"மாத்துனா திரும்பவும் 53 டாலர் கேப்பான்டா" என்றேன்.

"அப்ப வேண்டாம். இருக்கட்டும்."