ஒரே எண்ணில் மூன்று கோப்புகள்

கிளிநொச்சியில், ஏ-9 வீதியிலிருந்து சற்று உள்ளே, ஒரு மேல்மாடியின் இரண்டு அறைகளில் இயங்கிய சிறிய மென்பொருள் அலுவலகத்தில் நான் ஜாவா நிரலாளராகச் சேர்ந்தபோது, நெல் கொள்வனவுக் கணக்கு, பற்றுச்சீட்டு அச்சிடல், கூட்டுறவுச் சங்கங்களுக்கான அங்கத்தவர் பதிவேடு என மூன்று மென்பொருள்கள் எங்கள் பொறுப்பில் இருந்தன. அவற்றுக்குப் பொதுவாக ஒரு சிறிய ஜார் கோப்பும், அதாவது ஜாவா நிரல்களைக் கட்டி வைக்கும் பொதியொன்றும், இருந்தது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட பழைய பதிவுகளை யூனிக்கோட்டுக்கு மாற்றுவதற்காக நாங்களே எழுதிய லைப்ரரி அது.

பாமினியில் 'தமிழ்' என்ற சொல் கணினிக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கிடக்கும். எழுத்துரு இருக்கும் வரைக்குந்தான் அது தமிழ். 'கொ' என்று எழுத வேண்டுமானால் முதலில் கொம்பு, பிறகு ககரம், இறுதியில் கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் தட்டச்சு செய்வார்கள். யூனிக்கோட்டிலோ மெய் முதலில் வரும், உயிர்க்குறி அதன் பின்னால் நிற்கும். ஆகவே மாற்றி என்பது எழுத்துக்கு எழுத்து பதிலீடு செய்யும் அட்டவணை மட்டுமன்று, இடம் மாற்றியும் அடுக்க வேண்டும். எங்கள் லைப்ரரி சில நூறு வரிகளில் இதைச் செய்தது. பல ஆண்டுகளாகச் சேர்ந்த அங்கத்தவர் பெயர்கள் அதன் வழியாகவே புதிய தரவுத்தளத்துக்குள் போயின. அந்தக் கோப்பை நாங்கள் எவ்வளவு அலட்சியமாக வைத்திருந்தோம் என்பது எனக்குப் புரிய இரண்டு ஆண்டுகள் சென்றன.

எழுதிய நிரலையும் அதற்குத் தேவையான லைப்ரரிகளையும் சேர்த்து ஓடக்கூடிய மென்பொருளாகக் கட்டித் தரும், அதாவது 'பில்ட்' செய்யும், எங்கள் கருவி மேவன். வெளியிலிருந்து பெறும் ஒவ்வொரு லைப்ரரிக்கும் மேவன் மூன்று விவரங்களைக் கேட்கும்: எந்தக் குழுவுடையது, பெயர் என்ன, எத்தனையாம் பதிப்பு. இந்த மூன்றையும் திட்டத்தின் விவரக் கோப்பான பொம் கோப்பில் எழுதிவிட்டால், அது இணையத்திலுள்ள மத்திய களஞ்சியத்திலிருந்து ஜாரை இறக்கி, பயனரின் இல்ல அடைவிலுள்ள எம்2 என்ற மறைவான கோப்புறையில் சேமித்துக்கொள்ளும். அந்த ஜாருக்குத் தேவையான வேறு ஜார்களையும் தானே தேடி எடுக்கும். இவ்வளவு ஒழுங்கு தெரிந்த கருவிக்கு, நாங்களே எழுதிய ஜாரை மட்டும் முகவரியில்லாமல் கொடுத்திருந்தோம். பொம் கோப்பில் அதற்கு 'சிஸ்டம்' என்ற ஸ்கோப், அதாவது பயன்பாட்டு வகை, இட்டு, சி டிரைவில் ஒரு கோப்புறையின் முழுப் பாதையையும் எழுதியிருந்தோம்.

அறிவியல் நகரிலுள்ள பொறியியல் பீடத்தில் படித்து முடித்த தங்கை ஒருத்தி எங்களோடு இணைந்த முதல் நாளிலேயே இது வெளிப்பட்டது. "அக்கா, உங்கட கணினியில பில்ட் ஆகுது, என்ர கணினியில ஏன் ஆகுதில்லை?" என்று கேட்டாள். அவளுடைய மடிக்கணினியில் சி டிரைவே இல்லை, லினக்ஸ் இருந்தது. ஜாரைத் திட்டத்துக்குள்ளேயே ஒரு லிப் கோப்புறையில் வைத்து, பாதையைத் திட்டத்தின் அடியிலிருந்து குறிப்பிடுமாறு மாற்றினோம். பில்ட் ஆனது, ஆனால் மேவன் ஓர் எச்சரிக்கையை அச்சிட்டது: திட்டத்துக்குள் இருக்கும் கோப்பை இவ்வாறு சுட்டக் கூடாது, இந்தத் திட்டத்தைச் சார்ந்து வேறொரு திட்டம் எழுந்தால் அதற்கு இந்த ஜார் கிடைக்காது. நாங்கள் அதைப் படித்தோம், பொருட்படுத்தவில்லை. மஞ்சள் நிறத்தில் வரும் வரிகளைக் கடந்துபோவது எங்களுக்குப் பழகியிருந்தது.

அடுத்த வாரம் அங்கத்தவர் பதிவேட்டு மென்பொருளை, சேர்வரில் ஓடுவதற்கான பொதியாகிய வார் கோப்பாக்கி, சேர்வரில் ஏற்றினோம். எங்கள் மேசையில் ஓடிய நிரல் அங்கே, ஜாவா நிரலின் ஓர் அலகான வகுப்பொன்றைக் காணவில்லை என்று நின்றுவிட்டது. சிஸ்டம் ஸ்கோப்பில் இருக்கும் ஜாரை, ஓடும் இடத்தில் ஏற்கெனவே இருப்பதாக மேவன் கருதும், ஆகையால் வாருக்குள் அதைச் சேர்க்காது. இந்த ஸ்கோப் கைவிடப்பட்டதென்று மேவனின் கையேடே சொல்கிறது. அதைத் திறந்து படிக்காமல் நாங்கள் செய்தது, ஜாரைக் கையால் சேர்வரில் கொண்டுபோய் வைத்தது. அன்றைக்கு வேலை முடிந்தது. அன்றிலிருந்து அந்த ஜார் இரண்டு இடங்களில் தனித்தனியாக வாழத் தொடங்கியது.

பின்னர் யாரோ சொல்லி, 'இன்ஸ்டோல்-ஃபைல்' என்ற கட்டளையைக் கற்றுக்கொண்டோம். ஜார் கோப்பையும் அதற்கு நாம் வைக்கும் குழு, பெயர், பதிப்பெண் மூன்றையும் கொடுத்தால், மேவன் அதை எம்2 கோப்புறைக்குள் உரிய இடத்தில் வைத்துவிடும். அதன் பிறகு அந்த ஜாரும் மற்றவற்றைப் போல ஒரு முகவரியோடு அழைக்கப்படும், வாருக்குள்ளும் தானாகச் சேரும். இது நல்ல வழிதான். ஆனால் அது அந்த ஒரு கணினியின் களஞ்சியத்தில் மட்டுமே வைக்கிறது. ஐந்து கணினிகளிலும் ஐந்து தடவை அதே கட்டளையை ஓட்ட வேண்டும். லைப்ரரியில் ஒரு திருத்தம் செய்தால் மீண்டும் ஐந்து தடவை. நாங்கள் ஜாரை பென் டிரைவில் போட்டு மேசைக்கு மேசை கொண்டு திரிந்தோம், திருத்தம் சிறியது என்பதால் பதிப்பெண்ணை மாற்றவில்லை. 1.2 என்ற எண்ணின் கீழ் மூன்று வெவ்வேறு உள்ளடக்கங்கள் உருவானது இப்படித்தான்.

என் தகப்பனார் கமக்காரர். விதைநெல் வாங்கப் போனால் மூடையில் கட்டியிருக்கும் சிட்டையைப் பார்க்காமல் அவர் தொடமாட்டார். பிஜி 300 என்றால் மூன்று மாத நெல், பிஜி 352 என்றால் மூன்றரை மாத நெல். நீர் எத்தனை நாளுக்குத் தேவை, அறுவடை எப்போது விழும் என்பதெல்லாம் அந்த எண்ணிலிருந்தே தொடங்கும். சிட்டையில் ஒன்றும் மூடைக்குள் வேறொன்றுமாக இருந்தால், அது விதைத்த அன்று தெரியாது, கதிர் வரும் காலத்தில்தான் தெரியும். எங்களுக்கும் அப்படியே நேர்ந்தது.

ஒரு கூட்டுறவுச் சங்கத்திலிருந்து தொலைபேசி வந்தது. 'யோ' என்று தொடங்கும் பெயர்களைத் தேடினால் சிலர் வருகிறார்கள், சிலர் வருவதில்லை. பட்டியலை உருட்டிப் பார்த்தால் அனைவரும் இருக்கிறார்கள். 'கோ' என்று தேடினாலும் அதே நிலை. தன் பங்குப் பணத்தைப் பெற வந்த முதியவர் ஒருவரிடம் அவர் அங்கத்தவரே இல்லையென்று கருமபீடத்தில் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவர் பேருந்தில் வந்து திரும்பியவர் என்று அறிந்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. எங்கள் கோப்புறையில் கிடந்த ஒரு கவனயீனம் அவருடைய ஒரு நாளைத் தின்றிருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று நாட்கள் எடுத்தன. யூனிக்கோட்டில் ஓகாரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். ஒற்றைக் குறியாக ஒரே எண்ணில் எழுதலாம், அல்லது ஏகாரக் குறியையும் காலையும் அடுத்தடுத்து வைத்து இரண்டு எண்களில் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு, நாம் சொல்லிக்கொடுக்காதவரையில், இரண்டும் வேறு. விசைப்பலகையில் தட்டச்சு செய்யும்போது ஒற்றைக் குறி விழுகிறது. எங்கள் லைப்ரரியின் முதல் வடிவம் பாமினியிலிருந்த கொம்பையும் காலையும் தனித்தனியே மாற்றி இரண்டு எண்களாக விட்டிருக்கிறது. பின்னர் ஒருவர் அதைக் கவனித்து, ஜாவாவிலேயே உள்ள நோர்மலைசர் வகுப்பைக் கொண்டு என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது ஒற்றைக் குறியாக, மாற்றும் வரியொன்றைச் சேர்த்திருக்கிறார். திருத்தம் சரியானது. அதற்கும் 1.2 என்றே பெயரிட்டதுதான் பிழை. எந்தக் கணினியில் எந்த நாளில் மாற்றினார்களோ அதைப் பொறுத்து, ஒரே பதிவேட்டுக்குள் இரண்டு விதமான ஓகாரங்கள் புகுந்துவிட்டன.

இந்த இடத்தில் மேவன் எங்களுக்கு உதவவில்லை, உதவவும் முடியாது. எந்த லைப்ரரி எதைச் சார்ந்ததென்று மரமாகக் காட்டும் 'டிபென்டென்சி ட்ரீ' கட்டளையை இரண்டு கணினிகளில் ஓட்டிப் பார்த்தோம். இரண்டு மரங்களும் வரிக்கு வரி ஒன்றாகவே இருந்தன, ஏனென்றால் அது காட்டுவது பெயரையும் எண்ணையும், உள்ளடக்கத்தையன்று. ஐந்து கணினிகளிலும் அந்த ஜாருக்கு, உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 மதிப்பைக் கணித்து ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் பக்கம் வைத்த போதுதான் அறை அமைதியானது. இரண்டு வெவ்வேறு மதிப்புகள் இருந்தன. சேர்வரில் கையால் வைத்திருந்த ஜாரின் மதிப்பு மூன்றாவதாக இருந்தது.

அதன் பிறகு நான் இந்த விடயத்தை முறையாகப் படிக்க உட்கார்ந்தேன். முதலில், திட்டத்தோடு கூடவே செல்லும் ஒரு கோப்புக் களஞ்சியத்தை அமைத்தோம். 'டிப்ளோய்-ஃபைல்' கட்டளைக்குச் சேர்வர் முகவரிக்குப் பதிலாகத் திட்டத்துக்குள்ளிருக்கும் ஒரு கோப்புறையின் பாதையைக் கொடுத்தால், மேவன் அங்கே முழுமையான களஞ்சிய அமைப்பில் ஜாரை வைக்கும். அதை, நிரலின் மாற்றங்களைப் பதிந்து பகிரும் கருவியான கிட்டில் சேர்த்து, பொம் கோப்பில் களஞ்சியமாகச் சுட்டிவிட்டால், திட்டத்தைப் பெறுபவருக்கு ஜாரும் உடன் வரும், இணையம் தேவையில்லை. ஆனாலும் பழைய பொறி இங்கேயும் உண்டு. ஸ்னப்ஷொட், அதாவது இன்னும் வேலை நடக்கும் பதிப்பு, என்று குறிக்கப்படாத ஒரு பதிப்பை மேவன் ஒருமுறை எம்2 கோப்புறைக்கு எடுத்துக்கொண்டால், அதே எண்ணில் புதிய கோப்பு வந்திருக்கிறதா என்று திரும்பிப் பார்க்காது. வெளியிடப்பட்ட எண் இனி மாறாது என்று அது நம்புகிறது. அந்த நம்பிக்கை நியாயமானது என்றே இப்போது எண்ணுகிறேன்.

சில மாதங்களின் பின் பழைய மேசைக்கணினி ஒன்றில் நெக்சஸ் என்ற களஞ்சிய மென்பொருளை நிறுவினோம். எங்கள் ஜார்கள் அங்கே ஏறின. மத்திய களஞ்சியத்திலிருந்து வருபவையும் அதன் வழியாக ஒருமுறை மட்டுமே இறங்கின, பிறகு அனைவருக்கும் உள்வலையமைப்பிலேயே கிடைத்தன. கைத்தொலைபேசியின் டேட்டாவைப் பகிர்ந்து வேலை செய்த எங்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆயினும் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. வெளியீட்டுக் களஞ்சியத்தில் ஒருமுறை ஏற்றிய எண்ணை மறுபடியும் ஏற்ற நெக்சஸ் இயல்பாகவே அனுமதிப்பதில்லை. பழக்கத்தில் அதே எண்ணோடு ஜாரை ஏற்ற முயன்ற எங்கள் மூத்த அண்ணை, 400 என்ற பிழையைக் கண்டு, அமைப்பில் அந்தத் தடையை நீக்கலாமா என்று கேட்டார். நான் வேண்டாமென்றேன். அவர் சிறிது நேரம் யோசித்து, எண்ணைக் கூட்டி ஏற்றினார்.

2021 டிசம்பரில், ஜாவா நிரல்கள் தம் செயற்பாட்டுக் குறிப்புகளைப் பதியப் பயன்படுத்தும் லொக்4ஜே லைப்ரரியின் பாதுகாப்புக் குறை உலகையே உலுக்கியபோது, முறையாக அறிவிக்கப்பட்ட திட்டங்களில் எங்களிடம் எந்தப் பதிப்பு இருக்கிறதென்பதை ஒரு கட்டளையில் அறிந்து, எண்ணை உயர்த்தி, அன்றே முடித்தோம். லிப் கோப்புறையில் பதிப்பெண் நீக்கப்பட்ட பெயரோடு ஜார்கள் கிடந்த ஒரு பழைய திட்டத்துக்குத்தான் முழுநாளும் போனது. ஒவ்வொரு ஜாரையும் விரித்து, உள்ளே மெட்டா-இன்ஃப் அடைவிலிருக்கும் சிறு கோப்பில் எண்ணைத் தேடினோம்.

2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தது. நெக்சஸ் கணினி அணைந்து கிடக்க, மடிக்கணினிகளின் மின்கலத்தில் எஞ்சியதைக் கொண்டு இணைப்பற்ற முறையில் கட்டினோம். மின்சாரம் இருக்கும்போதே 'கோ-ஆஃப்லைன்' கட்டளையை ஓட்டி எல்லாவற்றையும் இறக்கிவிட்டதாக நினைத்திருந்தோம். இருட்டியபின் சோதனைகளை ஓட்டும்போது பில்ட் நின்றது. சோதனைகளை இயக்கும் ஷுவர்ஃபயர் செருகி, எந்தச் சோதனைச் சட்டகம் பயன்படுகிறதென்று ஓடும் நேரத்திலேயே கண்டறிந்து, அதற்குரிய ஜாரை அப்போதுதான் கேட்கிறது. அந்தக் கட்டளை அதை முன்கூட்டி அறிவதில்லை. அடுத்த நாளிலிருந்து, மின்சாரம் போவதற்கு முன் சோதனைகளோடு சேர்த்து ஒருமுறை முழுவதும் கட்டிவிட்டே எழுந்தோம். அவசரத்தில் ஒருவருடைய எம்2 கோப்புறையை இன்னொருவருக்குப் படியெடுத்தபோது, கோப்பு இருந்தும் இல்லையென்று மேவன் மறுத்ததும் உண்டு. ஒவ்வொரு ஜாரும் எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்ததென்பதை அது ஒரு சிறு கோப்பில் குறித்து வைக்கிறது, அந்தப் பெயரில் களஞ்சியம் இங்கே அமைக்கப்படாவிட்டால் ஏற்பதில்லை. எங்கிருந்து வந்ததென்று கேட்கும் அந்தக் கண்டிப்பு, அந்த இரவில் எரிச்சலூட்டினாலும், எனக்குப் பிடித்துப்போனது.

மாற்றியின் மூல நிரல் இப்போது தனித் திட்டமாகக் கிட்டில் இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது அது ஸ்னப்ஷொட், வெளியிட்டபின் எண் பூட்டப்படும். 'கொ', 'கோ', 'கௌ' மூன்றுக்கும் ஒற்றைக் குறிதான் வருகிறதா என்று பார்க்கும் சோதனையைத் தங்கை எழுதினாள், அதில் தேறாமல் எதுவும் வெளியாகாது. பழைய 1.2-இன் மூன்று உள்ளடக்கங்களையும் பிரித்து 1.2.1, 1.2.2, 1.2.3 என்று தனித்தனி எண்ணிட்டு நெக்சஸில் வைத்தோம். எந்தப் பதிவு எந்த வடிவத்தால் மாற்றப்பட்டதென்று எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. ஆகையால் அந்தச் சங்கத்தின் பதிவேட்டை முழுவதும் ஒற்றைக் குறிக்கு மாற்றியபின், ஓகாரமும் ஒகரமும் ஔகாரமும் வரும் பெயர்களை அச்சிட்டு, சங்கத்தின் எழுதுவினைஞரோடு அமர்ந்து, பழைய கையெழுத்துப் பதிவேட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுச் சரிபார்த்தோம். திருப்பி அனுப்பப்பட்ட முதியவரின் பெயர் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. எழுதுவினைஞர் அதன் எதிரே சரியடையாளம் இட்டுவிட்டு, அவருக்கு அறிவிப்பதற்காகத் தொலைபேசியை எடுத்தார்.