பழைய டீசல் கொரோலா: டேங்கிலிருந்து பம்ப் வரை எயார் தேடிய குறிப்பு

வண்டி 1990களின் டொயோட்டா கொரோலா வேகன். 2சி எஞ்சின், 1974 சிசி, டர்போ கிடையாது. எலக்ட்ரானிக் இல்லாத, கேபிளில் இழுபடும் வி.ஈ. வகை இன்ஜெக்ஷன் பம்ப் (எஞ்சினுக்கு டீசலை அழுத்தி அனுப்புவது). குறை இரண்டு. காலையில் செல்ஃப் நீளமாக அடித்தால்தான் பிடிக்கிறது. பிடித்ததும் நடுங்கி, வெள்ளைப் புகை தள்ளி, பிறகு சரியாகிவிடுகிறது. மற்றது, கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும்போது வட்டவளைப் பக்கம் வந்ததும் இழுவை செத்துப்போகிறது. ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிடம் விட்டால் மறுபடி ஏறுகிறது. கராஜில் சொன்னது "பம்பைக் கழற்றணும்". அதற்குச் சம்மதிக்கும் முன் டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் சோதித்தவை இவை.

இந்த எஞ்சினில் டேங்குக்குள்ளோ வழியிலோ தனி டீசல் பம்ப் எதுவும் இல்லை. இன்ஜெக்ஷன் பம்புக்குள்ளேயே இருக்கும் சின்ன வேன் (சுழலும் தகடு) பம்ப்தான் டேங்கிலிருந்து உறிஞ்சுகிறது. ஆகவே டேங்க் முதல் பம்ப் வாய் வரையிலான லைனில் ஓட்டை விழுந்தால் டீசல் சொட்டாது, எயார்தான் உள்ளே போகும். கீழே குனிந்து பார்த்து "எங்கேயும் ஈரமில்லை, லீக் இல்லை" என்று சொல்வது இந்த வண்டிக்குப் பொருந்தாத பேச்சு. மலைநாட்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. டீசலை மேலே தள்ளிவிடுவது வெளிக்காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் அது சுமார் 101 கிலோபாஸ்கல். 1868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் ஏறத்தாழ 81. கொழும்பில் தெரியாமல் ஓடும் பாதி அடைப்பும் ஊசித்துளையும் இங்கே வந்ததும் தலைகாட்டுவது அதனால்தான்.

முதலில் புகை. மேட்டில் இழுவை குறையும்போது கறுப்புப் புகை வந்தால் டீசல் போதவில்லை என்று அலையத் தேவையில்லை. எயார் கிளீனரையும் இன்ஜெக்டரையும் பாருங்கள். உயரத்தில் காற்று மெலிவதால் டர்போ இல்லாத எஞ்சின் கொஞ்சம் கறுப்பாக விடுவது இயல்புதான். புகையே இல்லாமல், எக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தும் வண்டி சோர்ந்தால் டீசல் வரத்துதான் குறைவு. இந்த வண்டி இரண்டாவது ரகம்.

காலை ஸ்டார்ட்டுக்கு நல்ல சோதனை நம் ஊர்ச் சரிவுதான், காசு செலவில்லை. ஓர் இரவு மூக்கு மேலே பார்க்க நிறுத்துங்கள். டேங்க் பின்னால், தாழ்வாக இருப்பதால், லைனில் எங்காவது எயார் நுழைய வழி இருந்தால் டீசல் இரவோடு இரவாகப் பின்னுக்கு இறங்கிவிடும். மறு இரவு மூக்கு கீழே பார்க்க, டேங்க் நிறைய டீசலோடு நிறுத்துங்கள். முதல் காலை அடம்பிடித்து, இரண்டாம் காலை அரைச் சுற்றில் பிடித்தால் எயார்தான். இரண்டு காலையும் ஒரே மாதிரி அடம்பிடித்தால் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட்டுக்குச் சூடாக்கும் குளோ பிளக்கைச் சோதிக்க வேண்டும், சரிவு எதையும் மாற்றாது. மூக்கு கீழே நிற்கும் இரவில் இன்னொரு இலாபம்: அப்போது டேங்க் உயர்ந்து நின்று லைனில் டீசலை வெளியே தள்ளுவதால், எயார் நுழைந்த துளை வழியாகவே டீசல் கசியும். பில்டருக்கும் பம்புக்கும் கீழே காட்போர்ட் மட்டையை விரித்துவிட்டால் காலையில் சொட்டு விழுந்த இடம் தெரியும். இங்கே பில்டர் ஹெட்டுக்கு (பில்டரைத் திருகிப் பூட்டும் மேல்பகுதி) நேர் கீழே ஐம்பது சதக் காசு அளவில் ஒரு வட்டம்.

ஒரு வட்டத்தை நம்பிச் சாமான் வாங்கக்கூடாது. மேசன்மார் மட்டம் பார்க்கும் கண்ணாடி ஹோஸ் ஹாட்வெயார் கடையில் கிடைக்கும். 8 மில்லிமீட்டர் உள்விட்டத்தில் இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் ஓர் அடி. ஒன்றை டேங்க் லைனுக்கும் பில்டருக்கும் நடுவிலும், மற்றதை பில்டருக்கும் பம்புக்கும் நடுவிலும் கிளிப் போட்டு இறுக்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு டோர்ச் அடித்துப் பாருங்கள். பூட்டிய எயார் வெளியேற முதல் சில நிமிடம் குமிழி வரும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அதன்பிறகும் பில்டருக்கு முந்திய ஹோஸில் குமிழி ஓடினால் ஓட்டை டேங்க் பக்கம். முந்தியதில் சுத்தம், பிந்தியதில் நூல் கோர்த்த மாதிரி குமிழி என்றால் பில்டர் ஹெட். இங்கே இரண்டாவதுதான் நடந்தது. இந்த ஹோஸ் டீசலில் ஊறினால் கட்டை மாதிரி விறைத்து வெடிக்கும்; சோதனை முடிந்ததும் கழற்றிவிட்டு டீசல் ஹோஸே போட வேண்டும்.

பில்டர் ஹெட்டில் எயார் நுழையக்கூடிய இடங்கள் மூன்று. பில்டரின் ரப்பர் வளையம், அடியில் திருகும் தண்ணீர் சென்ஸரின் ஓரிங், மேலே கையால் அமுக்கும் பம்பின் டயாஃபிரம். பில்டர் மாற்றும்போது சென்ஸரைப் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றிப் போடுவார்கள், தட்டையாகிப்போன பழைய ஓரிங்கோடு. அது மலிவான சாமான், ஒவ்வொரு முறையும் புதிது போடுங்கள். டயாஃபிரம் கிழிந்ததைக் கையே சொல்லும்: நல்ல பம்ப் அமுக்க அமுக்க இறுகி, ஒரு கட்டத்தில் கல்லாக நிற்கும், இறுகினாலும் கையை எடுத்த சற்று நேரத்தில் மறுபடி பஞ்சாகிவிட்டால் உள்ளே வெடிப்பு. இங்கே கை பம்புத் தண்டின் கழுத்தைச் சுற்றிப் புழுதி ஈரமாகி மாவுபோல் ஒட்டியிருந்தது. டயாஃபிரத்தை மட்டும் மாற்றுவதைவிட ஹெட்டையே மாற்றுவது நல்லது. உள்ளே இருக்கும் ஒருவழி வால்வுகளுக்கும் அதே வயதுதான். புது ஹெட் போட்டபின் மூக்கு மேலே பார்த்து நின்றும் காலையில் உடனே பிடிக்கிறது.

மேட்டில் சோரும் குறை அப்படியே இருந்தது. குமிழி இல்லாமல் வரத்துக் குறைந்தால் அடைப்பு. நின்று கிடந்ததும் சரியாவது அதற்கு நல்ல சான்று: உறிஞ்சும்போது டேங்குக்குள் இருக்கும் அரிதட்டில் (டீசலை வடிக்கும் வலை) ஒட்டும் அழுக்கு, உறிஞ்சல் நின்றதும் உதிர்ந்து விழுகிறது. டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்தாலும் இதே கூத்துதான். சோர்ந்த இடத்திலேயே மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் மூடிதான். இங்கே சத்தமில்லை.

அடுத்தது கேன் சோதனை. சுத்தமான 5 லீட்டர் கேனில் துணியால் வடித்த டீசல். பில்டருக்குப் போகும் ஹோஸையும் மிஞ்சிய டீசலைத் திருப்பிவிடும் ரிட்டர்ன் ஹோஸையும் அதற்குள் விட்டு, பம்பைவிட உயரத்தில் வைக்க வேண்டும். நிறுத்திவைத்தே செய்யுங்கள், சூடான எக்ஸோஸ்டுக்குப் பக்கத்தில் கேனை வைத்துக்கொண்டு ரோட்டில் இறங்காதீர்கள். ரிட்டர்னில் திரும்பும் டீசலும் சுற்று வேகத்தோடு கூடுவதால், நிமிடத்துக்கு 3000 சுற்றில் சில நிமிடம் பிடித்தாலே பெரும்பாலான அடைப்பு வெளிப்பட்டுவிடும். டேங்க் லைனில் சுற்று தானாக இறங்கி, கேனில் இறங்காமல் நின்றால் பம்பும் பில்டரும் குற்றமற்றவை.

பிறகு டேங்க் மூடியைத் திறந்துவைத்து, பில்டர் பக்கம் கழற்றிய லைனில் மிதி பம்பால் மெதுவாக ஊத வேண்டும். கராஜ் கம்ப்ரஸரைப் பூட்டினால் துருப்பிடித்த பைப் பிளந்துவிடும். டேங்குக்குள் குமுகுமு சத்தம் உடனே கேட்க வேண்டும். இங்கே முதலில் மிதியே இறங்கவில்லை, பிறகு 'பக்' என்று விட்டது. அத்தோடு இழுவை திரும்பிவிடும், ஆனால் அழுக்கு டேங்கிலேயே கிடப்பதால் குறை திரும்பி வரும். பின் சீட்டுக்குக் கீழே மூடி உள்ள வண்டிகளில் அதைத் திறந்தே அரிதட்டை எடுக்கலாம். மற்றவற்றில் டேங்கை இறக்கத்தான் வேண்டும். அரிதட்டில் துருத் தூளும் கறுப்புக் கொழகொழப்பும் அப்பியிருந்தன. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில் பீப்பாயிலும் கேனிலும் சேர்த்துவைத்த டீசல் பல டேங்குகளுக்குள் இப்படி வண்டலை விட்டுப்போயிருக்கிறது. கறுப்புக் கொழகொழப்பு, டீசலுக்கு அடியில் தண்ணீர் தேங்கினால் வளரும் கிருமி. குளிர் இரவில் காலி டேங்கின் சுவரில் வியர்க்கும் தண்ணீரும் அதற்குப் போதும், ஆகவே மாலையில் நிரப்பிவிடுவது உசிதம்.

டேங்கை இறக்கும்போது அடிப் பைப்பைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளைக் கழற்றிப் பாருங்கள். சேறு தங்கித் துரு அரிப்பது அந்த மறைவில்தான்.

பம்பின் போல்ட்டைத் தொடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ரிட்டர்ன் போல்ட்டின் தலையில் 'அவுட்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். உள்ளே மெல்லிய துளை மட்டும். அதை உள்வரும் பக்கம் மாற்றிப் பூட்டினால் நல்ல பம்பும் டீசலுக்கு ஏங்கும், அடைப்புக்கும் இதற்கும் அறிகுறியில் வித்தியாசமே இருக்காது. வொஷர்கள் செம்பாக இருந்தாலும் அலுமினியமாக இருந்தாலும் புதிது.

எயார் எடுக்க: கை பம்பைக் கல்லாகும் வரை அமுக்குங்கள். 17 ஸ்பேனரால் இன்ஜெக்டர் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, எக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப், ஒரு தடவைக்கு 15 விநாடிக்கு மேல் வேண்டாம். டீசல் குமிழியில்லாமல் சிதறியதும் இறுக்குங்கள். கையைச் சிதறலுக்கு முன்னால் நீட்டாதீர்கள். குளோ பிளக் உள்ள எஞ்சினுக்கு ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கவே கூடாது, உள்ளே வெடித்துப் பிஸ்டன் போகும்.

மிச்சம் ஒன்று. பம்பின் எக்ஸிலேட்டர் லீவர் தண்டில் இலேசாக ஈரம், ஓரிங் தேய்ந்திருக்கிறது. அது பெஞ்சில் வைத்துச் செய்யும் வேலை. 2சியில் பம்பைச் சுழற்றுவது டைமிங் பெல்ட் என்பதால் பம்ப் இறங்கும்போது பெல்ட்டும் கழலும். 100,000 கிலோமீட்டரை நெருங்கிய பெல்ட் என்றால் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதே கணக்கு. இறக்கும் முன் பம்பின் விளிம்பிலும் அது உட்காரும் தகட்டிலும் சேர்த்து ஒரே கோடாகக் கீறிவிடுங்கள், டைமிங் பழைய இடத்துக்கே வரும்.