ரூத் முதலிலா, ஹார்ன்ஸ்பி முதலிலா?

இரண்டு பேர் பேஸ்பால் வரலாறு முழுவதிலிருந்தும் ஆளுக்கோர் அணியைப் பொறுக்கி மோதவிடும் ஃபேன்டஸி டிராஃப்டில், முதல் பெயராகப் பெரும்பாலும் பேப் ரூத்தான் வருவார். 714 ஹோம் ரன், .342 சராசரி, போதாததற்குப் பிட்சராக 94 வெற்றி. குறை சொல்ல முடியாத தேர்வுதான். ஆனாலும் வழக்கமான பத்துப் பிரிவு ஆட்டத்தில் அவரை அவ்வளவு அவசரப்பட்டு எடுக்க வேண்டியதில்லை, இரண்டாம் பேஸ்காரர் ராஜர்ஸ் ஹார்ன்ஸ்பியை வைத்தே சமாளிக்கலாம் என்பது என் கட்சி.

பத்துப் பிரிவு என்றால் பேட்டிங்கில் சராசரி (ஹிட்டுகளை அட்-பேட் என்ற அடிக்கும் வாய்ப்புகளால் வகுத்தது), ஹோம் ரன், ஆர்பிஐ (தன் அடியால் உள்ளே வரவைத்த ரன்), ரன், ஸ்டோலன் பேஸ் (பந்து அடிக்கப்படாமலேயே ஓடிப் பிடித்த பேஸ்). பிட்சிங்கில் வெற்றி, சேவ் (அணியின் முன்னிலையைக் கடைசிவரை காத்தது), ஸ்ட்ரைக்அவுட், ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த, ஃபீல்டிங் பிழையால் வராத ரன்), விப் (ஓர் இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த வாக்கும் ஹிட்டும்). நான்கு தவறான பந்து வீசிப் பேட்டருக்கு இலவசமாகத் தரும் முதல் பேஸ்தான் வாக். ஈஆர்ஏ, விப் இரண்டும் குறைந்தால்தான் நல்லது. ஒவ்வொரு பிரிவிலும் அணி வீரர்களின் எண்களைச் சேர்த்துப் பார்த்து, பேட்டிங்கில் மூன்றைப் பிடித்தவருக்கே அந்தப் பாதி.

பெயர்களைத் தொடுமுன் எந்த ரூத் என்று பேசி முடித்துவிடுங்கள். வாழ்நாள் மொத்தத்தை எடுத்தால் போருக்குப் போனவர்கள் அடிபடுவார்கள். டெட் வில்லியம்ஸ் 1943 முதல் 1945 வரை ஆடவே இல்லை. 1952, 1953இலும் பெரும்பகுதி போயிற்று. அதே முறையில் நோலன் ரயனின் 5,714 ஸ்ட்ரைக்அவுட்டைப் பார்த்து மயங்குபவர்கள், கூடவே வரும் 2,795 வாக்கை விப் கணக்கில்தான் கண்டுபிடிப்பார்கள். ஆளுக்கு ஒரே சீசன், அந்தச் சீசனில் ஆடிய இடம் மட்டுமே செல்லும் என்பது தகராறில்லாத விதி. அலெக்ஸ் ரோட்ரிகஸ் 1998 என்றால் ஷார்ட்ஸ்டாப், 2007 என்றால் மூன்றாம் பேஸ். ரூத்தை 1916ஆம் ஆண்டின் பிட்சராகவும் 1921ஆம் ஆண்டின் பேட்டராகவும் சேர்த்து வாங்க முடியாது.

எந்த ஆண்டிலிருந்து என்பதும் முக்கியம். 19ஆம் நூற்றாண்டைத் திறந்துவிட்டால் 1884இல் 670 இன்னிங்ஸுக்கு மேல் வீசிய சார்லஸ் ராட்போர்ன் ஒருவரே வெற்றிப் பிரிவை விழுங்கிவிடுவார். அப்போது பிட்சர் நின்ற தூரமே வேறு. இன்றைய தூரம் 1893இல்தான் வந்தது. 1901இல் கோடு போடலாம்; ஹோம் ரன் ஒரு பிரிவாக இருப்பதால் 1920 இன்னும் நல்லது. 1913இல் ஃபிராங்க் பேக்கர் அமெரிக்கன் லீக்கின் ஹோம் ரன் பட்டத்தை வென்றது 12 அடித்துத்தான்.

நீக்ரோ லீக் (மேஜர் லீக்கில் இடம் மறுக்கப்பட்ட கறுப்பின வீரர்கள் ஆடியவை) வீரர்களை விட்டுவிட்டால் பட்டியல் அரைகுறை. 1920 முதல் 1948 வரையிலான அந்த லீக்குகளின் எண்களை மேஜர் லீக் பேஸ்பால் 2024இல் தன் அதிகாரபூர்வப் பதிவில் சேர்த்தது. வாழ்நாள் சராசரியில் .372 உடன் ஜாஷ் கிப்சன் இப்போது முதலிடம். சிக்கல், சீசனில் ஆட்டங்கள் குறைவு என்பதால் ஹோம் ரன், ஆர்பிஐ மொத்தம் சிறிதாகத் தெரியும். ஓர் ஆட்டத்துக்கு எவ்வளவு என்று வகுத்து, அன்றைய மேஜர் லீக் சீசனின் ஆட்ட எண்ணிக்கையான 154ஆல் பெருக்க முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் அவர்தான் முதல் கேட்சர். ஒப்புக்கொள்ளாவிட்டால் பியாட்சா 1997 (.362, 40 ஹோம் ரன், 124 ஆர்பிஐ), பென்ச் 1970 (45 ஹோம் ரன், 148 ஆர்பிஐ) இருவரில் யார் கிடைத்தாலும் நஷ்டமில்லை. கேட்சருக்காக முன்கூட்டிப் பாய வேண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். முதல் ஆள் ரூத் 1921ஐ எடுக்கிறார். இரண்டாமவர் ராஜர்ஸ் ஹார்ன்ஸ்பி 1922ஐ. ரூத்தை வைத்திருப்பவருக்கு இரண்டாம் பேஸுக்கு ஜோ மார்கன் 1976 கிடைக்கிறார். ஹார்ன்ஸ்பியை வைத்திருப்பவர் அவுட்ஃபீல்டை அவசரமின்றி விட்டுவைத்து, கடைசிச் சுற்றுகளில் லாரி வாக்கர் 1997ஐ எடுக்கிறார். இருவருக்குமாக அவுட்ஃபீல்டுக்கு ஆறு பேர்தான் தேவை. பாண்ட்ஸ், மேஸ், மேன்டில், வில்லியம்ஸ், ஆரன் என்று கூட்டம் நிற்கிற இடம் அது. வாக்கர் தங்கிவிடுவார்.

ரூத்தும் மார்கனும்: 59 + 27 = 86 ஹோம் ரன், 168 + 111 = 279 ஆர்பிஐ, 177 + 113 = 290 ரன், 17 + 60 = 77 ஸ்டோலன் பேஸ். ஹார்ன்ஸ்பியும் வாக்கரும்: 42 + 49 = 91, 152 + 130 = 282, 141 + 143 = 284, 17 + 33 = 50. சராசரியை மட்டும் இரண்டாகக் கூட்டி வகுக்காதீர்கள். ஹிட்டுகளைக் கூட்டி, அட்-பேட்டுகளின் மொத்தத்தால் வகுக்க வேண்டும். முதல் ஜோடி 1,012இல் 355, அதாவது .351. இரண்டாவது 1,191இல் 458, .385. ஆக, ரூத் இல்லாத ஜோடி 3-2 என்று முந்துகிறது.

மயிரிழை வெற்றிதான், மறுக்கவில்லை. ரூத்தின் 1921 ஆர்பிஐ சில பட்டியல்களில் 168, சிலவற்றில் 171. 171 என்றால் அந்தப் பிரிவு 282க்கு 282 என்று சமன். எந்தப் பதிவை நம்புவது என்று முதலிலேயே முடிவு செய்யாத டிராஃப்ட் இப்படித்தான் சண்டையில் முடியும். மார்கனுக்குப் பதில் அல்ஃபோன்சோ சொரியானோ 2002ஐ (39 ஹோம் ரன், 102 ஆர்பிஐ, 128 ரன், 41 ஸ்டோலன் பேஸ்) எடுத்தால் ஹோம் ரன் ரூத் பக்கம் திரும்பி, கணக்கு 3-2 என்று தலைகீழாகும். நான் சொல்ல வந்தது இவ்வளவே: ரூத்துக்கும் கடைசியில் கிடைக்கும் அவுட்ஃபீல்டருக்கும் உள்ள தூரம், ஹார்ன்ஸ்பிக்கும் அடுத்த இரண்டாம் பேஸ்காரருக்கும் உள்ள தூரத்தைவிடப் பெரிதில்லை. ரூத்தை எடுத்தே தீருவேன் என்பவர் மார்கனைப் பெயருக்காக எடுக்காமல் சொரியானோவை எடுக்கட்டும்.

காலத்தைச் சரிசெய்வது தனிக் கலை. 1930இல் நேஷனல் லீக் முழுவதுமே .303 அடித்தது, பில் டெர்ரி.401. 1968இல் அமெரிக்கன் லீக் சராசரி .230; .301 அடித்த யாஸ்ட்ரெம்ஸ்கி பட்டத்தையே வென்றார். வீரரின் சராசரியை லீக் சராசரியால் வகுத்து .260ஆல் பெருக்கினால் டெர்ரி .344, யாஸ்ட்ரெம்ஸ்கி .340. நூறு புள்ளி வித்தியாசம் நாலாகச் சுருங்கிவிட்டது. இதே வைத்தியத்தை ஹோம் ரனுக்குச் செய்தால் நோயாளி செத்துவிடுவார். 1920இல் அமெரிக்கன் லீக்கின் எட்டு அணிகளும் சேர்ந்து அடித்தவை 369, அணிக்குச் சுமார் 46. ரூத் மட்டும் 54. 2019இல் அணிக்குச் சராசரி 226. அந்த விகிதத்தில் ரூத்துக்கு ஒரு சீசனில் 264 வரும்! ஆகவே சராசரி, ஈஆர்ஏ போன்ற விகிதங்களைத் திருத்துங்கள். எண்ணிக்கைகளை அப்படியே விடுங்கள்.

ஸ்டோலன் பேஸை ஒரே ஆளால் வாங்கிவிடலாம். ரிக்கி ஹென்டர்சன் 1982இல் 130 எடுத்தார், ஆனால்.267 சராசரி, 51 ஆர்பிஐயோடு. எதிராளி அவரை எடுத்துவிட்டால் துரத்தாதீர்கள், அந்தப் பிரிவைத் தாரை வார்த்துவிட்டு மற்ற நான்கில் கவனம் வையுங்கள். பாதி துரத்தி நிறுத்துபவர்தான் இரண்டு பக்கமும் தோற்பவர்.

பிட்சர்களில் எப்போதும் எழும் வழக்கு பாப் கிப்சன் 1968ஆ, பெட்ரோ மார்ட்டினெஸ் 2000ஆ என்பது. ஈஆர்ஏ 1.12 எதிர் 1.74. கிப்சனின் லீக் ஈஆர்ஏ 2.99, பெட்ரோவுடையது 4.91, இருவரையும் ஈஆர்ஏ 4.00 உள்ள ஒரு லீக்குக்கு மாற்றினால் கிப்சன் 1.50, பெட்ரோ 1.42. இதோடு நிறுத்திப் பெட்ரோவே என்று சொல்லிவிடுபவர்கள் இன்னிங்ஸை மறக்கிறார்கள். கிப்சன் வீசியது 304⅔, பெட்ரோ 217. மொத்தம் 1,400 இன்னிங்ஸ் வரம்பு, மற்றவர்களின் ஈஆர்ஏ 3.00 என்று வைத்தால் கிப்சனின் அணிக்கு 2.67, பெட்ரோவின் அணிக்கு 2.75. ஸ்ட்ரைக்அவுட்டில் மட்டும் நிலைமை எதிர்மாறு. பெட்ரோவுக்கு 284, கிப்சனுக்கு 268. போதாக்குறைக்குப் பெட்ரோ விட்டுவைக்கும் 88 இன்னிங்ஸிலும் வேறொருவர் எடுப்பார். வரம்பே வைக்காவிட்டால் 1908இல் 464 இன்னிங்ஸ் வீசி 40 வெற்றி பெற்ற எட் வால்ஷ் போன்றவர்கள் இவர்கள் இருவரையும் ஓரங்கட்டிவிடுவார்கள்.

சேவுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். அது அதிகாரபூர்வ எண்ணாக ஆனதே 1969இல்தான். 1990ஆம் ஆண்டின் எக்கர்ஸ்லி (48 சேவ், 0.61 ஈஆர்ஏ) அல்லது 2003ஆம் ஆண்டின் கான்யே (55 சேவ், 137 ஸ்ட்ரைக்அவுட்), இருவரில் யார் மிஞ்சுகிறாரோ அவர்.

இவ்வளவும் பிரிவுகளைக் கூட்டிப் பார்க்கும் ஆட்டத்துக்கு. இரு அணிகளையும் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் போன்ற சிமுலேஷனில் பேட்டருக்குப் பேட்டர் மோதவிடுவதானால் வாக்கும் ஃபீல்டிங்கும் உள்ளே வந்துவிடும். 1976இல் 114 வாக் வாங்கி, ஃபீல்டிங்குக்கான கோல்ட் குளோவ் விருதும் வென்ற மார்கன், ஹார்ன்ஸ்பியை அங்கே வெகுவாக நெருங்குவார். ரூத்துக்கோ 1921இல் .512 ஆன்-பேஸ் (பேஸை அடைந்த விகிதம்), .846 ஸ்லக்கிங் (ஓர் அட்-பேட்டுக்கு அடியால் கிடைத்த பேஸ்). அந்த ஆட்டத்தில் அவரையே முதலில் எடுங்கள்.